கடல்நத்தையின் வண்ணமும் பெயரும்

யாழ்ப்பாணத்துக் கடற்கரையூர்களில் 'அட்டை' என்று சொன்னவுடன், அவித்து உலர்த்திச் சீனத்துக்கு அனுப்பப்படும் கடலட்டையே எவருக்கும் நினைவுக்கு வரும். அது நல்ல விலைபோகும் பொருள்; ஆதலால் அதன் வகைகளையும் தரங்களையும் நம் கடற்றொழிலாளர் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவர். ஆனால் அதே முருகைக்கற் பாறையின் இடுக்குகளிலும் அதே சாதாளைப் படுக்கையின் ஓரங்களிலும் விரல் நீளங்கூட இல்லாத வேறோர் உயிர் ஊர்ந்து திரிகின்றது. அதனை வாங்குவாரும் இல்லை, விற்பாரும் இல்லை. வலையோடு வந்தால் உதறி எறியப்படும். அழகென்று பார்த்தாலோ, கடல்வாழ் உயிர்களுள் அதற்கு ஈடு சொல்லத்தக்கவை மிகச் சிலவேயாகும்.

வெண்பட்டில் கருவளையம் இட்டாற் போன்றது ஒன்று. கருநிறத்தில் நீலவரி ஓடி, வரியின் மேல் மஞ்சட் பொட்டு வைத்தது மற்றொன்று. பால்நிற உடலைச் செம்மஞ்சட் கரை சூழ்ந்தது வேறொன்று. ஆங்கிலேயர் இவற்றைக் கடற்புழு என்றும் நத்தை என்றும் சொல்வதற்கு இடைப்பட்டதொரு சொல்லால் அழைப்பர். இக்கட்டுரையில் நாம் இவற்றை 'ஓடில்லாக் கடல்நத்தை' என்று வழங்குவோம். இவற்றுள் ஒன்றைக் கண்டால் அது இன்ன இனம் என்று எப்படி அறிவது? உடலிலுள்ள குறிகளே போதுமா? இலங்கைக் கடலோடு நெருங்கிய தொடர்புடைய இக்கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுவையான வரலாறும் உண்டு.

முதுகிலே பூத்த பூ

இவ்வுயிர் சங்கு, சோகி, மட்டி ஆகியவற்றின் உறவினம். முட்டையினின்று வெளிப்படும் இளம் பருவத்தில் இதற்கும் சின்னஞ்சிறு ஓடு உண்டு. வளரும்போது அதனைக் கழற்றிவிடுகின்றது. ஓடு நீங்கியதும் முதுகை மூடிய மென்மையான போர்வை ஒன்றே எஞ்சும். மென்மூடி எனப்படும் அப்போர்வையில்தான் நாம் காணும் வண்ணங்கள் யாவும் தீட்டப்பட்டுள்ளன.

மீன் சுவாசிக்கும் செவுளை நம் நாட்டில் 'பூ' என்று சொல்வது வழக்கம். சந்தையில் மீன் வாங்குவோர் அதன் பூவைத் திறந்து பார்த்தே புதிதா பழையதா என்று தீர்மானிப்பர். மீனுக்கு அப்பெயர் ஒப்புமையால் வந்தது. ஓடில்லாக் கடல்நத்தைகள் பலவற்றிலோ அது பெயருக்கேற்றபடி முதுகின் பிற்பகுதியில் வட்டமாக விரிந்த மலர் போலவே காணப்படும். தொட்டால் சில இனங்கள் அப்பூவை ஒரு சிறு குழிக்குள் இழுத்துக்கொள்ளும். பூ திறந்தே நிற்பதனால் 'வெறுஞ் செவுள்' என்னும் பொருள்படும் இலத்தீன், கிரேக்கச் சொற்களைச் சேர்த்து மேனாட்டார் இவ்வினத்துக்குப் பெயரிட்டனர்.

தலைப்பக்கத்தில் இரண்டு கொம்புகள் நிமிர்ந்து நிற்கும். இவை மணமறியும் உறுப்புக்கள். நீரிற் கரைந்து வரும் வாசனையைக் கொண்டே இது தன் இரையையும் துணையையும் தேடிச் செல்கின்றது. தொல்காப்பியர் உயிர்களை அறிவின்படி வகுத்தபோது நந்தினை ஊறும் சுவையும் மட்டும் அறியும் ஈரறிவுயிர்களுள் வைத்தார். மணமறிதலை மூவறிவுயிர்களுக்கு உரியதாக்கினார். நந்தின் குலத்திற் பிறந்தும் மணத்தை வழிகாட்டியாகக் கொண்டு வாழும் இச்சிற்றுயிரை இலக்கிய மாணவர்களும் ஒருமுறை நின்று பார்த்தல் தகும்.

இதன் கண்ணோ தோலின் கீழ்ப் புதைந்த சிறு புள்ளி. வெளிச்சம், இருள் என்ற வேறுபாட்டை மட்டுமே அது உணரும். எனவே தன் உடலில் உள்ள நிறங்களையோ தன் இனத்தின் நிறங்களையோ இவ்வுயிர் ஒருபோதும் கண்டதில்லை. அப்படியானால் இத்தனை வண்ணமும் யாருக்காக?

எச்சரிக்கைப் பலகை

வண்ணம் மீன்களுக்காக என்பதே அறிஞர் கூறும் விடை. ஓட்டைத் துறந்த உயிர் வேறொரு காவலைத் தேடியாகவேண்டும். இவ்வினங்களுட் பல கடற்பஞ்சுகளைத் தின்று வாழ்கின்றன. கடற்பஞ்சுகளில் நச்சுப்பொருள்கள் மிகுதி. வேறு விலங்குகள் வெறுக்கும் அந்நஞ்சை இந்நத்தைகள் தம்முள் ஏற்று, மென்மூடியிலுள்ள சுரப்பிகளில் சேமித்துக்கொள்கின்றன. பல இனங்களில் அச்சுரப்பிகள் போர்வையின் ஓரத்திலே வரிசையாக அமைந்துள்ளன. ஒருமுறை வாயில் இட்டுத் துப்பிய மீன் அந்நிறக்கோலத்தை மறவாது. அடுத்த முறை விலகிச் செல்லும்.

இந்நஞ்சின் வலிமையை 1963-ஆம் ஆண்டில் ஜோகன்னஸ் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். பிலிடியா வரிக்கோசா என்னும் நத்தை வெளியிடும் வழுவழுப்பான நீர், ஒரே பாத்திரத்தில் உடனிருந்த மீன்களையும் நண்டினத்து உயிர்களையும் கொன்றுவிட்டது. நஞ்சே மருந்தாவதும் உண்டு. யொருன்னா பூனெப்ரிஸ் என்ற இனத்தினின்று, புற்றுநோய்க் கலங்களை எதிர்க்கும் ஆற்றலுள்ள 'யொருமைசின்' என்னும் பொருளை இந்திய, இத்தாலிய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2019-இல் அமெரிக்க வேதியியலாளர் அதனை ஆய்வுகூடத்தில் சுருக்கமான முறையில் ஆக்கிக் காட்டினர். இப்பொருளை எந்த நத்தையில் தேடுவது என்று சொல்ல வேண்டுமானால் அந்நத்தைக்கு ஒரு பெயர் வேண்டும். அப்பெயர் பிழையின்றி இருத்தலும் வேண்டும். அந்தப் பெயரை அதற்கு வழங்கியவர் இலங்கையில் வாழ்ந்தவர் என்பதே நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி.

டொக்டர் கெலாட்டின் சித்திரங்கள்

எட்வேட் பிரெடரிக் கெலாட் என்பார் இலங்கையிற் பிறந்த பறங்கியர் குலத்து மருத்துவர். படையினரோடு பணிபுரிந்தபோதும் ஓய்ந்த நேரமெல்லாம் விலங்குகளை ஆராய்வதிலே செலவிட்டவர். இலங்கையின் விலங்குகளைப் பற்றிய இவரது நூல் 1852-இல் வெளிவந்தது. பின்னர் மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிகளை ஆராயும் பணியை அரசாங்கம் இவரிடம் ஒப்புவித்தது. இவர் திருகோணமலையில் இருந்த காலத்தில் அத்துறைமுகக் கடலின் ஓடில்லா நத்தைகளைத் தேடிப் பிடித்து, 1858, 1859-ஆம் ஆண்டுகளில் புதிய இனங்கள் பலவற்றை உலகுக்கு அறிவித்தார். திருகோணமலையில் வாழ்ந்த கிளெனி என்னும் பாதிரியாரின் பெயரையும் ஓர் இனத்துக்குச் சூட்டினார். 1860-இல் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போது நடுவழியிலே காலமானார்.

கெலாட் இறந்தபின் அவரது இனங்களுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. சங்கையோ சோகியையோ பிடித்தவன் ஓட்டைக் கழுவி வைத்தால் நூறாண்டு கழிந்தும் அதன் வரியும் புள்ளியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஓடில்லா நத்தையை அவ்வாறு வைக்க இயலாது. சாராயத்தில் இட்டுப் போத்தலில் அடைத்தால் சில நாட்களில் வண்ணம் கரைந்தோடிவிடும். உடலும் சுருங்கி, மங்கிய நிறத்தில் ஒரு தசைத்துண்டு போல ஆகிவிடும். கடலில் மாணிக்கமாய் ஒளிர்ந்தது போத்தலில் ஊறுகாயாய்க் கிடக்கும். இறந்த உடலை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் அதன் மேல் இருந்த வளையம் எத்தனை, கரை எந்நிறம் என்று சொல்ல முடியாது.

அக்காலத்தில் டென்மார்க்கு நாட்டின் கொப்பன்ஹேகன் நகரில் ருடோல்ப் பேர்க் என்ற மருத்துவர் இத்துறையில் நிகரற்றவராக விளங்கினார். உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்த போத்தல்களைத் திறந்து, நத்தைகளின் உள்ளுறுப்புக்களையும் நாவிற் பதிந்த நுண்பற்களையும் மிக நுட்பமாக ஆராய்ந்து எழுதினார். யொருன்னா என்ற பேரினத்தை 1876-இல் வகுத்தவரும் அவரே. ஆயினும் அவரது கைக்கு வந்தவை பெரும்பாலும் நிறமிழந்த உடல்கள். அவர் எழுத்தை வைத்துக்கொண்டு கடற்கரையில் நிற்பவன் உயிருள்ள நத்தையை இனங்காண்பது அரிதாயிற்று. கெலாட்டோ உயிருள்ளவற்றைக் கண்டு சுருக்கமாக எழுதிச் சென்றவர். உள்ளுறுப்புக்களை அவர் அவ்வளவாக ஆராயவில்லை. ஒருவரிடம் வண்ணம் இருந்தது. மற்றவரிடம் உடற்கூறு இருந்தது. இரண்டையும் இணைப்பார் வேண்டியிருந்தது.

இணைத்தவர் சேர் சாள்ஸ் எலியட். இவர் தொழிலால் இராசதந்திரி; கிழக்காபிரிக்காவில் ஆணையாளராகவும் பிற்காலத்தில் ஜப்பானிற் பிரித்தானியத் தூதுவராகவும் இருந்தவர். இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றி 1921-இல் மூன்று பாகங்களாக வெளிவந்த பெருநூலின் ஆசிரியரும் இவரே என்பதைக் கேட்டால் வாசகர்கள் வியப்படைவர். இத்தகையவர் ஓய்வு நேரத்தில் கடல்நத்தைகளை ஆராய்வதில் மட்டற்ற விருப்புக் கொண்டிருந்தார். கெலாட் விட்டுச் சென்ற சித்திரங்களையும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலுள்ள ஹான்கொக் அருங்காட்சிச்சாலையின் பழைய சேகரிப்புக்களையும் ஆராய்ந்து, தென்னிந்திய, இலங்கைக் கடல்நத்தைகளைப் பற்றிய தம் கட்டுரையை 1906-இல் வெளியிட்டார். கெலாட்டின் பெயர்கள் எவ்வெவ் விலங்குகளைக் குறித்தன என்பது பலவிடத்தும் அதனால் தெளிவாயிற்று. கெலாட்டைப் போலவே எலியட்டும் 1931-இல் தாயகம் திரும்பும் கப்பலிலே காலமாகி, மலாக்கா நீரிணையில் கடலுக்கே உரியவரானார்.

சென்னை மாகாணத்திலும் இதனையொத்த முயற்சி நடந்தது. அங்கு உயர் அதிகாரியாக இருந்த வோல்ட்டர் எலியட் என்பார் விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேரில் சேர்த்த நத்தைகளை அல்டர், ஹான்கொக் என்னும் இருவர் 1864-இல் விவரித்தனர். பெயர் ஒத்திருப்பினும் இவ்வெலியட் வேறு, முன்னர்ச் சொன்னவர் வேறு. அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்தவர் என்று வரலாற்று மாணவர் அறிந்தவர் இவரே. அவ்விருவரும் அப்போது வகுத்த ஓர் இனம் 'கலிங்கா ஒர்னாற்றா' என்பதாகும். நம் கலிங்க நாட்டின் பெயர் இன்றளவும் ஒரு கடல்நத்தையின் பெயராக உலகெங்கும் வழங்குகின்றது.

சேலைக் கரையைப் பார்ப்பதுபோல

இனி, குறிகொண்டு இனங்காணும் முறைக்கு வருவோம். புடைவைக் கடையில் ஒரு சேலையைப் பார்த்து, "சிவப்புச் சேலை" என்று சொல்வது எவர்க்கும் எளிது. தேர்ந்தவரோ உடலின் நிறத்தை ஒருபுறம் வைத்து, கரை எத்தனை கோடு, எந்நிறக் கோடு வெளியே, எது உள்ளே, முந்தானையில் என்ன வேலைப்பாடு என்று ஒழுங்காகப் பார்த்துவிட்டே அது எவ்வூர்த் தறி என்பார். கடல்நத்தையை இனங்காண்பதும் இவ்வாறுதான். "அழகிய மஞ்சள் நத்தை ஒன்று கண்டேன்" என்பதால் யாதொரு பயனும் இல்லை. ஒழுங்கு தவறாமல் ஐந்து இடங்களைப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, பூ எங்கே என்று பார்க்க வேண்டும். முதுகிலே மலர் போல் விரிந்துள்ளதா? அல்லது முதுகு முழுவதும் விரல் போன்ற நீட்சிகள் அடர்ந்துள்ளனவா? அல்லது முதுகில் எதுவுமே இல்லையா? இந்த ஒரு கேள்வியே நத்தைகளைப் பெருங் குடும்பங்களாகப் பிரித்துவிடும்.

இரண்டாவது, கொம்பின் நிறமும் பூவின் நிறமும். இவை சிறியவையாதலால் பலரும் கவனிப்பதில்லை. கெலாட் 1858-இல் விவரித்த கோனியோபிராங்கஸ் பிடேலிஸ் என்ற சிறு நத்தையை எடுத்துக்கொள்வோம். நடுமுதுகு பால்வெண்மை, சுற்றிலும் செம்மஞ்சட் பட்டை, அப்பட்டையின் உள்ளோரம் அலையலையாக வளைந்திருக்கும். கொம்பும் பூவும் கரியவை. வெண்மையையும் செம்மஞ்சளையும் மட்டும் குறித்துக்கொண்டு கரிய கொம்பை விட்டுவிட்டால் பாதிச் சான்று போய்விடும்.

மூன்றாவது, முதுகிலுள்ள குறியின் உருவமும் அது ஆக்கப்பட்ட விதமும். யொருன்னா பூனெப்ரிஸ் இதற்கு நல்ல உதாரணம். கெலாட் 1859-இல் இதற்கு இட்ட 'பூனெப்ரிஸ்' என்ற இலத்தீன் பெயர் மரணச் சடங்கைச் சார்ந்தது எனப் பொருள்படும். மேனாட்டாரின் துக்க நிறமாகிய கருமை, வெண்ணிற முதுகில் வளையங்களாகவும் திட்டுக்களாகவும் கிடப்பதனால் அப்பெயர் பொருந்திற்று. உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் முதுகு முழுவதும் வெல்வெட்டுத் துணிபோல நுண்ணிய மொட்டுக்கள் நிறைந்திருப்பதும், வளையங்கள் கரிய மொட்டுக்களின் கூட்டமாக இருப்பதும் தெரியும். மையால் எழுதிய வளையத்துக்கும் மொட்டுக்களால் ஆகிய வளையத்துக்கும் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டில்தான் இனத்தின் அடையாளம் இருக்கின்றது.

நான்காவது, போர்வையின் கரை. கரையை எப்பொழுதும் வெளியேயிருந்து உள்ளே நோக்கி வாசித்தல் வேண்டும். இந்து சமுத்திரத்தில் கோனியோபிராங்கஸ் ஜெமினஸ் என்றோர் இனம் உண்டு. மேற்குப் பசிபிக் கடலில் கோனியோபிராங்கஸ் குனியி என்றோர் இனம் உண்டு. இரண்டும் மஞ்சள் சார்ந்த முதுகில் ஊதாப் புள்ளிகளைத் தாங்கியவை. இரண்டும் ஊர்ந்து செல்லும்போது போர்வையின் ஓரத்தை உயர்த்தித் தாழ்த்திச் செல்லும். ஒன்றை மற்றதென மயங்குவது மிக எளிது. ஜெமினஸின் கரையில் கடைசி வெளிக்கோடு வெண்மை; குனியியின் கரை வெளியே ஊதா, உள்ளே நீலம். சிட்னி நகரின் அவுஸ்திரேலிய அருங்காட்சிச்சாலையைச் சேர்ந்த ருட்மன் என்ற அறிஞர் 1987-இல் ஜெமினஸைத் தனி இனமென்று பிரித்துப் பெயரிட்டார். ஜெமினஸ் என்றால் இரட்டையருள் ஒருவர் என்பது பொருள்.

ஐந்தாவது, அடிப்புறம். முதுகின் அழகில் மயங்கியவர் இதனை மறந்துவிடுவர். பிலிடியா வரிக்கோசா, பிலிடியா சிலெஸ்டிஸ் என்னும் இரண்டும் கருமையும் நீலமும் மஞ்சளும் கலந்த மேனியின. இரண்டின் கொம்புகளும் மஞ்சள். முதுகில் பூ இல்லை. செவுள்கள் போர்வையின் கீழே பக்கங்களில் மறைந்துள்ளன. ஐயம் நேர்ந்தால் மெல்லப் புரட்டி, ஊரும் பாதத்தைப் பார்த்தல் வேண்டும். வரிக்கோசாவின் பாதத்தின் நடுவே நீளவாட்டில் ஒரு கருங்கோடு ஓடும். சிலெஸ்டிஸில் அக்கோடு இல்லை. சலவைக்குப் போடும் துணியின் உள்மூலையில் இடும் சிறு குறி எவர் வீட்டுத் துணி என்பதைச் சொல்லிவிடுவது போல, மறைவான அக்கோடே இங்கு பெயர் சொல்லும்.

குறியும் பொய்க்கும் இடம்

இவ்வைந்தையும் பார்த்தபின்னும் முடிவாகச் சொல்லத் தயங்கவேண்டிய இடங்கள் உள்ளன. நச்சு நத்தையின் கோலத்தை நஞ்சில்லாத உயிர்கள் போலியாக அணிந்துகொள்வது கடலில் வழக்கம். தட்டைப்புழுக்களுட் சில, பிலிடியா குடும்பத்து நத்தைகளைப் போலவே கருமையும் மேடுமாகக் காட்சி தரும். கூர்ந்து பார்த்தால் அவற்றுக்கு உண்மையான கொம்பு இல்லை என்பதும் உடல் தாள்போல் மெலிந்தது என்பதும் புலப்படும். நம் கடலட்டைக் குலத்திலும் ஓர் இனத்தின் குஞ்சுகள் பிலிடியாவின் நிறத்தோடு திரிந்து, வளர்ந்தபின் அவ்வேடத்தைக் களைந்துவிடுகின்றன.

நத்தைகளே தமக்குள் ஒன்றையொன்று ஒத்திருப்பதும் உண்டு. ஒரே கடற்பகுதியில் வாழும் வெவ்வேறு இனங்கள் ஒரே வகைக் கோலத்தைப் பூண்டால், ஒன்றைச் சுவைத்து வருந்திய மீன் எல்லாவற்றையும் விட்டுவிடும் அல்லவா? ருட்மன் இத்தகைய நிறக்கூட்டங்களை விரிவாக ஆராய்ந்து காட்டினார். மறுபுறத்தில், ஒரே இனம் இடத்துக்கு இடம் வேறுபட்ட கோலம் பூணுவதும் உண்டு. 2018-இல் குரோமோடோரிஸ் என்னும் பேரினத்தின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், நிறக்கோலத்தை மட்டும் நம்பிப் பிரித்த இனங்கள் பலவிடத்து மயக்கம் தருவதை எடுத்துரைத்தனர். அதற்கு முன்னரே, 2012-இல், ஜோன்சன், கொஸ்லினர் என்னும் இருவர் செய்த மரபணு ஆய்வினால், குரோமோடோரிஸ் என்று வழங்கிவந்த பல இனங்கள் கோனியோபிராங்கஸ் என்ற பெயருக்கு மாறின. கெலாட்டின் பிடேலிஸும் அவ்வாறு மாறியவற்றுள் ஒன்று.

இதனால் குறிகளைப் பார்ப்பது வீண் என்று கருதிவிடலாகாது. குறி வழக்கைத் தொடுக்கும். உடற்கூறும் மரபணுவும் தீர்ப்பை வழங்கும். வழக்கைத் தொடுக்கச் சாட்சி இல்லாவிடின் தீர்ப்புக்கும் இடமில்லை. மரபணு ஆய்வு செய்பவருக்கும், தமக்கு வந்த தசைத்துண்டு உயிரோடிருந்தபோது எப்படி இருந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டும். கெலாட்டின் சித்திரங்களுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின்னும் மதிப்பிருந்ததன் காரணம் இதுவே.

நம் கரையில் செய்யத்தக்கது

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. கீரிமலை, காங்கேசன்துறை, மயிலிட்டி, பருத்தித்துறை எனத் தொடரும் வடகரையில் கல்லும் முருகையும் உண்டு. தீவகத்தைச் சுற்றிய ஆழமற்ற கடலிலும் யாழ்ப்பாணக் களப்பிலும் சாதாளைப் படுக்கைகள் விரிந்துள்ளன. இவை கடல்நத்தைகள் வாழத்தக்க இடங்கள். இவற்றுள் சில கரைகள் நெடுங்காலம் நமக்கு எட்டாதவையாக இருந்தன. மயிலிட்டித் துறைமுகம் 1990-இல் மக்களை இழந்து, 27 ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டு, 2017-இல் மீளக் கிடைத்தது. அந்த 27 ஆண்டுகளில் பிறந்து வளர்ந்து கல்லூரியையும் விட்டுச் சென்ற மாணவர் தொகை எத்தனை! தம் ஊர்க் கடலின் பாறை இடுக்கை ஒருமுறையேனும் எட்டிப் பாராமல் ஒரு தலைமுறை விலங்கியல் கற்றது. ஆகவே இப்போது கரைக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் விட்டுப்போன பக்கங்களை எழுதத் தொடங்குகின்றார் எனலாம்.

வேறொரு காரணத்தாலும் இப்பணி பிற்போடத் தக்கதன்று. ஒரு குறிப்பிட்ட கடற்பஞ்சை மட்டுமே உண்டு வாழும் நத்தை இனங்கள் பல. அப்பஞ்சு அழிந்த இடத்தில் நத்தையும் அழியும். கடலடியை வாரிச் செல்லும் இழுவை வலைகள் பாக்குக் கடலில் மீனை மட்டும் வாரிச் செல்லவில்லை. பஞ்சையும் பாசியையும் வேரோடு பெயர்த்துச் சென்றன. இலங்கை 2017-இல் அடியிழுவை முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. ஒரு கடற்பரப்பில் முன்பு என்னென்ன உயிர்கள் இருந்தன என்ற குறிப்பு இருந்தால்தான், அது நலிந்ததா தேறியதா என்று பின்வருவோர் சொல்ல இயலும். குறிப்பில்லாத கடல் அழிந்தாலும் அழிந்ததென்று அறிவாரில்லை.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நம் கடலில் வற்றுப் பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாகையால், அமாவாசை, பறுவ நாட்களை ஒட்டி நீர் நன்கு வற்றும் வேளையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடைக்காற்று ஓய்ந்த பங்குனி, சித்திரை மாதங்கள் வடகரைக்கு ஏற்றவை. தனியே செல்லலாகாது, கடலறிந்த பெரியவர் ஒருவரை உடனழைத்துச் செல்லுதல் வேண்டும். கல்லைப் புரட்டினால் முன்பு இருந்தவாறே திருப்பி வைத்தல் வேண்டும். அதன் அடியில் குடியிருப்பவை ஆயிரம். கூம்பு வடிவச் சங்குகளைக் கையால் தொடக்கூடாது. அவற்றுட் சில கொடிய நஞ்சுடையவை.

நத்தையைக் கண்டால் நீரிலிருந்து எடுக்காமலே பார்க்க வேண்டும். கரைக்கு எடுத்தால் பூவும் கொம்பும் சுருங்கி வெறும் கட்டியாய் விடும். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க முயல்வதும் தகாது. அதற்குரிய பஞ்சு கிடையாமல் பட்டினியால் இறந்துபோகும். கைபேசியிற் படம் எடுப்போர் முதுகு, பக்கம், கொம்பு, கரை என்று தனித்தனியே எடுத்தல் நன்று. ஆழம் கூடக்கூடச் செந்நிற ஒளி நீரில் மறைந்துபோவதால், சில மீற்றர் ஆழத்தில் சிவப்பு நத்தை பழுப்பாகத் தோன்றும். ஆகவே விளக்கொளியின்றி எடுத்த ஆழ்நீர்ப் படத்தின் நிறத்தை நம்பலாகாது.

படத்தோடு ஒரு குறிப்பும் வேண்டும். திகதி, இடம், ஆழம், நீளம், ஐந்து குறிகள், எதன்மேல் இருந்தது, அருகில் முட்டை நாடா உண்டா என்பவற்றை அன்றைக்கே எழுதிவைத்தல் வேண்டும். இவ்வுயிர்கள் முட்டைகளை நாடாவாகச் சுருட்டி இடுவதால், கல்லில் ஒட்டிய மலர்ச்சுருள் போன்ற நாடாவே சிலவேளை நத்தை அருகிலிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். பெயர் தெரியாவிட்டால் இடத்தை வெறுமையாக விடலாம். பெயரைப் பின்னர் வேறொருவர் எழுதிக்கொள்வார். நிறத்தையும் குறியையும் அந்நாளில் கண்டவர் மட்டுமே எழுத முடியும்.

இந்நத்தைகளுட் பலவற்றின் வாழ்நாள் ஏறத்தாழ ஓர் ஆண்டே. பிடித்து வைத்தால் நிறம் நிலையாது. விட்டுவிட்டால் உயிரே நிலையாது. நிலைப்பது பார்த்தவரின் எழுத்தும் படமுமே. திருகோணமலையில் இருந்து கெலாட் அதனைச் செய்தார். யாழ்ப்பாணக் கடலுக்கு அதனைச் செய்ய நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ணும் உண்டு, கருவியும் உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, நீர் வற்றிய ஒரு காலைப்பொழுதில் அவர்களை அழைத்துச் செல்வார்களாக.